அப்பாவின் கையெழுத்துக்கு மேலே

எப்போதும் பத்துப் பேருக்கு நடுவிலேயே நான் பார்த்துப் பழகிய என் அப்பாவுக்கு,

இன்று வீட்டில் கூட்டம் இல்லை. அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். உங்கள் உதவியாளர் சம்பந்தம் மாமா மேல வீதி வரை போயிருக்கிறார். முன்னறையில் உங்கள் நாற்காலிக்கு எதிரே, மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தப் பக்கத்திலிருந்து உங்கள் நாற்காலியைப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் முறை. இங்கிருந்து பார்த்தால் அது காலியாகத் தெரியவில்லை, அப்பா. ஏன் அப்படி?

ஞாயிற்றுக்கிழமை உங்கள் படத்திறப்பு. மேடையில் படிக்க நாலு பக்கம் எழுதச் சொல்லி ஒன்றியச் செயலாளர் கேட்டார். "அழுவாச்சியா வேணாம் பாப்பா, எழுச்சியா இருக்கட்டும்" என்றார். நாற்பத்தாறு வயதாகிறது, தலையில் பாதி நரைத்துவிட்டது, கட்சிக்காரர்களுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

எழுச்சியாக எழுத எனக்கு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு இந்த நாலு மாதத்தில் நீங்கள் செய்த காரியங்களை உங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டமன்றம் நடந்துகொண்டிருந்தபோது, சென்னை விடுதி அறையில், காலைக் காபிக்கும் சபைக்குக் கிளம்புவதற்கும் நடுவில் நீங்கள் போனீர்கள். உங்களை ஏற்றிய வண்டி கடலூரைத் தாண்டுவதற்குள் வழியெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். ஆலப்பாக்கத்திலும் புதுச்சத்திரத்திலும் சுவருக்குச் சுவர் நீங்கள் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ஓட்டுக் கேட்ட அதே படம். கீழே இருந்த வாசகம் மட்டும்தான் வேறு. உங்களைத் தாண்டித் தாண்டி உங்களையே கொண்டுவந்தோம்.

கருமாதி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். பிச்சாவரத்துப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து அஞ்சலை என்று ஒருவர் வந்தார். கையில் ஒரு பை நிறைய இறால். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஐயாகிட்ட சொல்லிடும்மா. பொண்ணுக்கு ஆஸ்பத்திரில எடம் குடுத்துட்டாங்க. லெட்டர காட்டுனதுமே பெரிய டாக்டரே வந்து பாத்தாரு."

"எந்த லெட்டரு?"

"ஐயா குடுத்த லெட்டருதான். போன செவ்வாக்கெழம."

உங்கள் சாம்பலைக் கடலில் கரைத்து முப்பது நாள் ஆகியிருந்தது.

"அப்பா தவறி ஒரு மாசம் ஆவுதேம்மா. போஸ்டரு பாக்கலயா?"

"பாத்தேனே. எங்க குப்பத்துலயே நாலு ஒட்டியிருக்கு." பையை என் கையில் திணித்தார். "அதுக்கென்னாம்மா? லெட்டரு வந்துச்சே."

பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த நகலை எடுத்துக் காட்டினார். உங்கள் பேர் அச்சடித்த கடிதத் தாள். உங்கள் கையெழுத்து. போன செவ்வாய்க்கிழமைத் தேதி. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை, எல்லாம் சரியாக இருந்தது. நீங்கள் இல்லை என்பது ஒன்றுதான் சரியாக இல்லை.

அந்த இறாலை அம்மா அன்று சமைத்தாள். நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டது. நம் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதா? சபைக்கோ கட்சி மாநாட்டுக்கோ கிளம்பும் முன் வெறும் கடிதத் தாள்களில் கையெழுத்துப் போட்டு மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போவீர்கள். அவசரமாக யாராவது வந்தால் மேலே விஷயத்தை மாமா எழுதிக் கொடுத்துவிடுவார். காலேஜ் சீட்டோ, ஆஸ்பத்திரிப் படுக்கையோ, முதியோர் பென்ஷனோ, எதுவாக இருந்தாலும் நீங்கள் திரும்பி வரும்வரை ஒருவரும் காத்திருக்க வேண்டாம் என்பீர்கள்.

அப்படிக் கையெழுத்துப் போடும்போது இடது கையின் நாலு விரலைத் தாளின் அடி விளிம்போடு ஒட்டவைத்து, அதற்கு மேலேதான் பேனாவை வைப்பீர்கள். ஒவ்வொரு தாளிலும் அதே இடம், அதே உயரம். நீங்களே எழுதும் கடிதம் அப்படி இருக்காது. கடைசி வரியை ஒட்டி, அது எங்கே முடிகிறதோ அங்கேயே கையெழுத்தும் நிற்கும். இந்த வித்தியாசம் உங்களுக்கும் மாமாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

மாமாவை உட்காரவைத்துக் கேட்டேன்.

"என்னா பண்ணச் சொல்ற பாப்பா? வாசல்ல வந்து நிக்கிறாங்க. ஐயா இல்லன்னு சொன்னா, 'ஐயோ பாவம்'ங்கறாங்க, கண்ணு கலங்கறாங்க, அப்பறமும் போவ மாட்டேங்குறாங்க. 'சரி, லெட்டரு மட்டும் குடுங்க'ங்கறாங்க."

"எத்தினி குடுத்தீங்க?"

"முப்பதுக்குள்ளதான் இருக்கும்."

"ஆபீசுல ஒருத்தரும் கேக்கலியா மாமா? தேதிய பாக்க மாட்டாங்களா?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "கேப்பாங்கன்னுதான் நானும் பயந்தேன். ஒரு எடத்துல கூட திருப்பி அனுப்பல பாப்பா. ஐயா இருந்தப்பகூட இவ்ளோ வேகமா நடந்ததில்ல."

கையெழுத்துப் போட்ட தாள்களை மாமா வைத்திருக்கும் அலமாரியில் எப்படி அத்தனை தாள் சேர்ந்தது என்பது எனக்குத்தான் தெரியும். ஐந்து முறை தேர்தலில் நின்றீர்கள். முதல் முறை தோல்வி. அடுத்த இரண்டு முறை வெற்றி. நாலாவது முறை மறுபடி தோல்வி. ஐந்தாவதில் ஜெயித்து, முடிப்பதற்குள் போய்விட்டீர்கள். அந்த நாலாவது தேர்தலில் கடலூரில் ஓட்டு எண்ணிய இடத்தில் உங்கள் முகவராக நானும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தேன். சுற்றுக்குச் சுற்று நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனதை ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தவரிடம் கைகொடுத்துவிட்டு வெளியே வந்தீர்கள். காரில் வரும்போது, "இனிமே வாசல்ல செருப்பு கெடக்காது. உங்கம்மாக்கு கூட்டற வேல மிச்சம்" என்றீர்கள். சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் வாசலில் உண்மையாகவே ஒரு செருப்பும் இல்லை. அம்மா விளக்குமாற்றோடு வந்து, கூட்ட ஒன்றும் இல்லாமல், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள். பத்து மணிக்கு நீங்கள் பழைய கடிதத் தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு நாலு விரல் வைத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தீர்கள். எம்.எல்.ஏ.வாக இல்லாத ஒருவர், சட்டமன்ற உறுப்பினர் என்று அச்சடித்த தாளில், யாருக்கென்றே இல்லாமல்.

"எதுக்குப்பா இது?"

"கையெழுத்து போடாம கை என்னமோ மாரி இருக்கு பாப்பா."

அந்த ஐந்து வருடமும் வாரத்துக்கு ஒரு நாளாவது அப்படிப் போட்டீர்கள். ஒரு நாள் விளையாட்டுப்போலக் கேட்டேன்: "அடுத்த வாட்டி நான் நிக்கட்டுமாப்பா?" நீங்கள் இன்னும் இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தலையைத் தூக்காமல், "உனக்கு வேற வேல இல்லயா" என்றீர்கள். அது வேண்டாம் என்பதா, பாவம் என்பதா, கேட்டது பிடித்ததா? இத்தனை வருடமாக அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமாவைக் குற்றம் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஒரு கடிதம் நானும் எழுதினேன்.

கடலூரில் நான் பாடம் எடுக்கும் கணித வகுப்பில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி படிக்கிறாள். அப்பா இல்லாத பெண். விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று வகுப்புக்கு வெளியே நின்று அழுதாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்தேன். பத்து வரிதான். யோசிக்காமல் எழுதினேன், கை தானாக ஓடியது. மறுநாள் காலை பஸ்ஸில் எடுத்துப் படித்தபோதுதான் பார்த்தேன். "இம்மாணவி என் மகளைப் போன்றவர்" என்று எழுதியிருந்தேன். நீங்கள் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் எழுதும் வரி. என் எழுத்து எப்போதும் நேராக நிற்கும். அந்தத் தாளில் இருந்த எழுத்து உங்களுடையதுபோல வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

விடுதிப் பொறுப்பாளர் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "ஐயா சொன்னா அப்பீலே கெடயாதுங்க. போன்லயும் சொன்னாரே."

"எப்ப சொன்னாரு?"

"காலையிலதான்."

பெரிய இடத்துப் பழக்கத்தைக் காட்டிக்கொள்ளச் சொன்ன பொய் அது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அப்படி நினைத்து மனசு ஆறுவதற்கு அன்று சாயங்காலம் பஸ் புதுச்சத்திரம் வரை வர வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைப் பூட்டினேன். இனி ஒரு தாளும் வெளியே போகக்கூடாது என்று மாமாவிடம் சொன்னேன். சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். இந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் வேறெது என்று நினைத்தேன், பாருங்கள்.

போன வாரம் ஒன்றியச் செயலாளர் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"பாப்பா, ஐயா எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிட்டுத்தான் போயிருக்காரு. தபால்ல வந்துச்சு. கேளு."

நின்றுகொண்டே படித்தார். எனக்குப் பின் இத்தொகுதி மக்களுக்கு என் மகள் பூங்கொடி துணை நிற்க வேண்டும். அவளைக் கட்சி வேட்பாளராக நிறுத்த வேண்டுகிறேன். என்னைவிட அவள் நன்றாகச் செய்வாள்.

"தலைமைக்கு காப்பி போயிடுச்சு. படத்த தொறந்ததும் இத மைக்குல படிக்கிறோம், ஒன்ன மேடைக்கு கூப்புடறோம். இடைத்தேர்தல்ல பாதி வேல அங்கயே முடிஞ்சிடும்."

அப்பா, அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். என்னை ஒரு கூட்டத்துக்குக்கூட நீங்களாக அழைத்ததில்லை. நாற்பத்தாறு வயது வரை நான் காத்திருந்தது அந்த ஒரு வரிக்குத்தான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன். செயலாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

எழுத்து பாதித் தாளிலேயே நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே வெறுமை. அதற்கும் கீழே, தனியாக, உங்கள் கையெழுத்து. அடியில் என் விரலை வைத்துப் பார்த்தேன். நாலு விரல். பிறகுதான் மேலே இருந்த எழுத்தைச் சரியாகப் பார்த்தேன். உங்கள் கடிதங்களை எழுதுவது பெரும்பாலும் வேறு ஆட்கள்தான் என்பதால் செயலாளருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது. மளிகைச் சீட்டுகளில் நான் பார்த்து வளர்ந்த எழுத்து.

செயலாளரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோப்போடு கிளம்பிப் போன பிறகு அம்மாவிடம் போனேன். முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த லெட்டரு நீ எழுதினதுதானே?"

"ஆமா."

"ஏம்மா?"

"அவரு சொன்னாரு, எழுதினேன்."

"எப்ப சொன்னாரு? மெட்ராசுக்கு போறதுக்கு முன்னாடியா?"

"இல்லடி. நீ சாவி குடுத்தியே, அந்த வாரத்து வெள்ளிக்கெழம. சாப்ட்டு கை கழுவிட்டு துண்டு கேட்டாரு. தொடச்சிக்கிட்டே சொன்னாரு."

கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். பால்காரர் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அம்மா. அப்பா…"

"செத்துட்டாருன்னு எனக்குத் தெரியாதா? தாலிய கழட்டுனது நானா நீயா?" என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஊருக்கெல்லாம் லெட்டரு மட்டும் குடுக்கலாம், எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசக்கூடாதா அவரு?"

அந்த முப்பது கடிதங்களோடு இன்னொன்றை எழுதிய எனக்கு அம்மாவைக் கேட்க என்ன உரிமை? ஆனாலும் ஒன்று மட்டும் கேட்டேன்.

"என்னைவிட நல்லா செய்வான்னு எழுதியிருக்கே. அதுவும் அவரு சொன்னதா?"

அம்மா முறத்தைத் தட்டிச் சரி செய்தாள்.

"அது மட்டும் நான் போட்டது" என்றாள்.

அதன் பிறகு நாலு நாள் நிற்பதா வேண்டாமா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். நிற்க ஆசை இல்லை என்று இங்கே பொய் எழுத மாட்டேன். ஆசை இருக்கிறது. செருப்பு நிறைந்த வாசலில் பிறந்தவள் நான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தைப் படிக்கக் கேட்டுக்கொண்டு நான் மேடை ஏறினால், ஜெயிக்கப்போவது நானில்லை. போன செவ்வாய்க்கிழமை கடிதம் கொடுத்தவருக்கு ஓட்டு விழும். பதவிக்காலத்தின் மிச்சம் முழுக்க அவர் கையெழுத்துக்கு மேலே எழுதப்பட்ட ஒரு வரியாக நான் இருப்பேன். என் எழுத்து சாய்ந்துகொண்டே போகும். ஒரு நாள் யாரோ ஒரு பெண்ணுக்காக "என் மகளைப் போன்றவர்" என்று எழுதிவிட்டு, அந்த மகள் யார் என்று எனக்கே மறந்துபோயிருக்கும்.

நேற்று அம்மாவிடம் சாவி வாங்கி அலமாரியைத் திறந்தேன். பதினோரு தாள் மிச்சம் இருந்தது. எரித்துவிடலாமா என்று மாமாவிடம் கேட்டேன்.

"எனக்கு கை வராது பாப்பா" என்றார். "ஒருவாட்டி எரிச்சாச்சே."

எனக்கும் வரவில்லை. கிழிக்கவும் முடியவில்லை. வெறுமையாக விட்டுவைக்கவும் பயமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தை அந்தத் தாள்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் உங்கள் கையெழுத்து வரும்வரை எழுதி, அதற்கு மேலேயே நிறுத்திக்கொண்டு, அடுத்த தாளுக்குப் போகிறேன். இனி இவற்றில் வேறு யாரும் எதையும் எழுத முடியாது, நானும்கூட. இது பதினோராவது தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் இதைத்தான் படிக்கப்போகிறேன். செயலாளரிடம் இன்று காலை போனில் சொல்லிவிட்டேன், அந்தக் கடிதம் அம்மா எழுதியது என்று. "கெடுத்திட்டியே பாப்பா" என்றார். அம்மாவிடமும் மாமாவிடமும் முதலிலேயே கேட்டுக்கொண்டேன், அவர்கள் எழுதியதைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொல்லலாமா என்று. மாமா சரி என்று தலையை ஆட்டினார். அம்மா, "சொல்லிக்க. எழுதினது நான்தானே. சொன்னவரு அவரு" என்றாள்.

இதை எழுதும்போதே அம்மா எழுந்து வந்துவிட்டாள். இப்போது நிலைப்படியில் நின்றுகொண்டிருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, உங்கள் நாற்காலியைப் பார்க்கிறாள். நான் தலையைத் தூக்கிக் கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"என்னா சொல்றாரு?"

காதில் வாங்குவதுபோல அம்மா கொஞ்சம் தலையைச் சாய்த்தாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள். "பேனாவ மூடிட்டாரு."

அது போதும், அப்பா.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் நீங்கள் இல்லை என்பதை நானே சொல்வேன். நம்பாதவர்களிடம் இரண்டு முறை சொல்வேன். பிறகு அவர்களை இந்தப் பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்து, யாருக்கு எழுத வேண்டுமோ அவர்களுக்கு அவர்கள் பேரிலேயே மனு எழுதிக் கொடுப்பேன். வேகமாக நடக்காது. திருப்பி அனுப்புவார்கள். மறுபடி எழுதுவேன். என்றைக்காவது நான் நின்றால், அந்த வேட்புமனுவில் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் என் எழுத்தாகவே இருக்கும்.

இடம் முடிந்துவிட்டது. அடுத்த வரியில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. அதற்குக் கீழே நீங்கள் விரல் வைத்து விட்ட இடம் இத்தனை வருடமாகக் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே என் பேரை எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
யாரையும் போன்றவள் அல்லாத
பூங்கொடி